உடல் வலிமையும் உடற்செருக்கும்



நம் குடும்பங்களிற் பிறந்து சென்னை, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், பெங்களூரு முதலிய நகரங்களில் அலுவல் புரியும் இளைஞர் பலர். அவர்கள் பணி செய்யும் கட்டடங்களிலேயே உடற்பயிற்சிக் கூடம் ஒன்று அமைந்திருப்பது இந்நாளில் இயல்பாகிவிட்டது. மாலையில் வேலை முடிந்ததும் உடன் பணிபுரிவோர் குழுவாக அங்கே செல்கின்றனர். இரும்பு எடைகளைத் தூக்குகின்றனர். ஓடும் பட்டையின்மேல் ஓடுகின்றனர். "நீயும் வா" என்று அழைக்கப்படும் நம் பிள்ளை, விடுமுறையில் ஊருக்கு வரும்பொழுது பெரியோரிடம் இதனைச் சொல்கிறான். "அழியும் உடம்புக்கு இத்தனை அலங்காரம் எதற்கு அப்பா? அந்த ஒரு மணி நேரம் ஸாமாயிகத்தில் அமர்ந்தால் ஆன்மாவுக்காவது பயன் உண்டே" என்கிறார் பாட்டனார். "எல்லோரும் செல்லும்போது நான் மட்டும் ஒதுங்கினால் என்னை வேற்றாளாக எண்ணுவார்களே, தாத்தா" என்கிறான் பேரன்.

இவ்விருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆதலின் இதனை இளையோரின் விளையாட்டு என்று தள்ளாமல், அறநூல் வழி நின்று ஆராய்தல் நம் கடமையாகிறது. ஆராயவேண்டிய வினாக்கள் இரண்டு. உடலை வலுப்படுத்தும் முயற்சி சிராவகனுக்குத் தகுமா என்பது ஒன்று. தகுமெனின், அதனைப் பலர் நடுவே, ஒருவரை ஒருவர் நோக்கும் இடத்திற் செய்வதால் விளையும் நன்மை தீமை யாவை என்பது மற்றொன்று.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பெரும்பாலும் உழவர். ஏற்றம் இறைத்தும், வரப்பு வெட்டியும், கதிர் அறுத்தும், நெல் குற்றியும் வாழ்ந்த அவர்களுக்குத் தனியாக ஓர் உடற்பயிற்சி வேண்டியிருக்கவில்லை. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து கணினியை நோக்குகின்றனர். உணவோ குறையவில்லை, உழைப்பு நின்றுவிட்டது. 1953-ஆம் ஆண்டு ஜெர்ரி மோரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும் இலண்டன் மாநகரப் பேருந்துத் தொழிலாளரை ஆராய்ந்து ஒரு செய்தியை வெளியிட்டனர். ஒரே பேருந்தில், நாள் முழுதும் அமர்ந்து ஓட்டும் ஓட்டுநரைக் காட்டிலும், மாடிப் படிகளில் ஏறி இறங்கிச் சீட்டு வழங்கும் நடத்துநருக்கு இதயநோய் குறைவாக இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உள்ளோர் ஏறத்தாழ 10.1 கோடி எனக் கணக்கிட்டது. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், குறைந்தது 2 நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வயது வந்தோர்க்கு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறிய அறிவுரை.

இவை உடல்நலம் பற்றியவை. ஜினதர்மம் என்ன சொல்கிறது? உடல் வேறு, ஆன்மா வேறு என்னும் பேதஞானம் நம் நெறியின் அடிப்படை. ஆயினும் உடலை இகழ்ந்து கெடுத்துவிடுக என்று நம் ஆசாரியர் எவரும் கூறிற்றிலர். தியானத்தின் இலக்கணம் கூறவந்த தத்துவார்த்த சூத்திரம், உத்தமமான எலும்புக்கட்டு உடையவனுக்கே அது நிலைபெறும் என்று உடலின் உறுதியையும் சேர்த்தே பேசுகிறது. வீடுபேறு எய்தும் உயிருக்கு வஜ்ர விருஷப நாராச ஸம்ஹனனம் என்னும் மிக உறுதியான யாக்கை வேண்டும் என்பது ஆகமக் கொள்கை. நாம் வாழும் பஞ்சம காலத்தில் அத்தகைய யாக்கை எவருக்கும் இல்லை. எனினும் உறுதியான உடல் தவத்திற்குத் துணை என்னும் கருத்து அதனால் மாறுவதில்லை. பத்து நிமிடம் முதுகு நிமிர்ந்து அமர இயலாதவன் ஸாமாயிகத்தில் எங்ஙனம் நிலைப்பான்? முழங்கால் தேய்ந்தவன் பொன்னூர் மலையேறிக் குந்தகுந்தர் திருவடியை எங்ஙனம் வணங்குவான்? நோயுற்ற முனிவரையும் முதிய பெற்றோரையும் தாங்கித் தூக்கிப் பணிவிடை செய்யும் வையாவிருத்யம் வலிமையற்ற தோளால் ஆகுமா?

இங்கே ஒரு தடை எழுப்பலாம். ஏற்றம் இறைத்தால் பயிர் விளைகிறது. நெல் குற்றினால் அரிசி கிடைக்கிறது. இரும்பைத் தூக்கி மீண்டும் அதே இடத்தில் வைப்பதால் என்ன விளைகிறது? பயனின்றிச் செய்யும் செயல்களை விலக்குவதன்றோ அனர்த்த தண்ட விரதம்? பயனில்லாமல் மண்ணைத் தோண்டுவதும், நீரை வீணாக்குவதும், வெறுமனே திரிவதும் பிரமாதசரியை எனக் கண்டிக்கப்பட்டனவே? இத்தடை வலிமை உடையது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இதற்கு விடை பயனை நோக்கியே அமையும். நோயின்றி நெடுங்காலம் விரதம் காப்பதும், பிறர்க்குச் சுமையாகாமல் பணிவிடை செய்வதும் கருதிச் செய்யும் பயிற்சி பயனுடையது. கண்ணாடியில் தோளின் திரட்சியைக் கண்டு மகிழ்வதற்கே செய்வது பயனற்றது, அது தண்டமே. இரும்பும் உழைப்பும் இரண்டிலும் ஒன்றுதான், கருத்து வேறுபடுகிறது. கருத்தைப் பிறர் அறியார், செய்பவன் அறிவான். மின்விசையால் ஓடும் பட்டையின்மேல் ஓடுவதினும் திறந்த வெளியில் நிலம் பார்த்து நடப்பது உயிர்களுக்கு ஊறு குறைந்தது என்பதையும் நம் இளையோர் எண்ணிப் பார்க்கலாம். தண்டால், பஸ்கி போன்றவற்றிற்கு இயந்திரமே வேண்டுவதில்லை.

இனி இரண்டாவது வினா. இதற்கு நம் கண்முன் நிற்கும் ஒரு சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசலுக்கு அருகே சித்தன்னவாசல் குன்று உள்ளது. அறிவர் கோயிலின் தாமரைப் பொய்கை ஓவியத்தைக் காணச் செல்வோர் பலர். குன்றின்மேல் ஏறி ஏழடிப்பட்டம் என்னும் குகையைக் காண்போர் அவரினும் சிலர். பாறையிற் செதுக்கிய ஏழு அடிகளின்மேல் கால்வைத்துச் செல்வதால் அப்பெயர் பெற்ற அக்குகையில், வழவழப்பாக இழைத்த 17 கற்படுக்கைகள் உள்ளன. தலை வைக்கும் பக்கத்தில் கல்லே சற்று உயர்ந்து தலையணையாக அமைந்திருக்கிறது. அவற்றுள் பெரியதும் பழையதுமான படுக்கையில், கி.மு. முதல் நூற்றாண்டளவினது என அறிஞர் கருதும் தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று உண்டு. எருமிநாட்டுக் குமிழூரிற் பிறந்த ஒருவருக்காக இளையர் என்பவர் செய்வித்த இருக்கை அது என்பது அதன் செய்தி. எருமிநாடு இன்றைய மைசூர்ப் பகுதி எனக் கொள்வர். ஏனைய படுக்கைகள் சிலவற்றில் பிற்கால எழுத்துகளில் திருநீலன், திருப்பூரணன், திருச்சாத்தன் முதலிய பெயர்கள் காணப்படுகின்றன.

புறத்தவம் ஆறனுள் விவிக்த சய்யாசனம் என்பது ஒன்று. தனித்த இடத்தில் இருத்தலும் கிடத்தலும் அதன் பொருள். காயக்லேசம் என்பது மற்றொன்று. உடலை வருத்திப் பழக்குதல் அது. தனிமையைத் தவமாகக் கொண்ட முனிவர்க்கு ஒரே குகையில் ஏன் இத்தனை படுக்கைகள்? உலகியற் பேச்சும் ஆரவாரமும் இல்லாத இடமே தனித்த இடம். அங்கே உடன்தவத்தோர் இருப்பது தனிமைக்குக் கேடன்று என்பதே நாம் கொள்ளத்தக்க விடை. ஒரே நோக்கமுடையோர் அருகே இருக்கும்போது உறக்கம் மிகுவதில்லை, ஊக்கம் குறைவதில்லை, தளர்ந்தவன் எழுந்துவிடுகிறான். ஆயினும் படுக்கை ஒவ்வொருவர்க்கும் வேறு. ஒருவர் தவத்தை மற்றொருவர் செய்ய இயலாது. ஒருவர் வினையை மற்றொருவர் உதிர்க்க இயலாது. மேலும், அக்கல்வெட்டு வேறொரு செய்தியையும் சொல்லாமற் சொல்கிறது. இருக்கையைச் செய்வித்தவர் ஒருவர். அதில் நோற்றவர் வேறொருவர். இடம் அமைத்துக் கொடுப்பது பிறர் செய்யக்கூடிய உதவி. அதற்குமேல் நோற்பவனே செய்துகொள்ள வேண்டும்.

தவக்குகையையும் அலுவலக உடற்பயிற்சிக் கூடத்தையும் ஒப்பிடுவதா என்று சினவற்க. இரண்டும் ஒன்றென நாம் கூறவில்லை. ஆனால் கூடி முயலும் முயற்சிக்கு ஓர் அளவுகோல் நமக்கு அங்கே கிடைக்கிறது. உடன் இருப்போரால் ஊக்கம் பெறுதல் நன்று. உடன் இருப்போரோடு தன்னை எடையிட்டுப் பார்த்தல் தீது.

எடையிடுதல் ஏன் தீது? ஸமந்தபத்ர ஸ்வாமிகள் அருளிய ரத்னகரண்ட சிராவகாசாரமும் அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் நற்காட்சியைக் கெடுக்கும் செருக்குகள் எட்டு என எண்ணுகின்றன. ஞானம், பெறும் சிறப்பு, குலம், ஜாதி, வலிமை, செல்வம், தவம், உடல் என்பன அவை. இவ்வெட்டனுள் வலிமையும் உடலும் தனித்தனியே எண்ணப்பட்டிருத்தலைக் காண்க. நான் இவ்வளவு தூக்குகிறேன் என்பது வலிமைச் செருக்கு. என் உடல் இவ்வாறு அமைந்துள்ளது என்பது உடற்செருக்கு. நான்கு சுவரிலும் கண்ணாடி பதித்து, யார் எவ்வளவு தூக்கினார், யார் எத்தனை அடி நடந்தார் என்று பலகையில் எழுதிவைக்கும் கூடம் இவ்விரண்டையும் வளர்க்கும் நாற்றங்கால் ஆகிவிடக்கூடும்.

அதே பட்டியலில் தவமும் இருப்பதை நம் பெரியோர் மறத்தலாகாது. "நாங்கள் உடம்பைப் பொருட்படுத்துவதில்லை, நோன்பும் ஸாமாயிகமுமே எங்கள் பயிற்சி" என்று இளையோரை ஏளனம் செய்யும்போது தலைகாட்டுவது தவச்செருக்கு. இரும்பு தூக்குபவன் செருக்கும் நோன்பிருப்பவன் செருக்கும் வினைக்கட்டில் வேறுபடுவன அல்ல.

வலிமையின் உச்சியும் அதன் எல்லையும் பாகுபலி ஸ்வாமி சரிதத்தில் விளங்குகின்றன. படைகள் மோதிப் பல்லுயிர் மடியாதிருக்கும் பொருட்டு, பரதரும் பாகுபலியும் பார்வைப் போர், நீர்ப்போர், மற்போர் என மூன்று வகையால் தாமே பொருதனர் என்பது நாம் அறிந்த வரலாறு. மூன்றிலும் வென்றவர் பாகுபலி. அவர் தோள்வலிமை அன்று எண்ணற்ற வீரர்களின் உயிரைக் காத்தது. அதுவே வலிமையின் சிறந்த பயன். ஆயின் வென்ற பின்னர் அவ்வலிமையால் அவர் பெற்றது யாது? தமையனார்க்குத் தம்மால் நேர்ந்த அவமதிப்பை எண்ணி உலகைத் துறந்தார். ஓராண்டு அசையாது நின்று, கொடிகள் மேனியிற் படரவும் யோகத்தில் நிலைத்தார். பரதர் உள்ளம் தம்மால் நொந்ததே என்னும் நினைவு அகன்ற பின்னரே கேவலஞானம் தோன்றிற்று. கி.பி. 981 அளவில் சிரவணபெளகொளத்தில் எழுப்பப்பட்ட பெருந்திருமேனி அவர் மற்போரில் வென்ற கோலத்தைக் காட்டவில்லை. வலிமை முழுதும் அடங்கி நின்ற கோலத்தையே காட்டுகிறது.

செருக்கைக் கண்டித்தால் மட்டும் போதாது; அதற்கு மருந்தும் கூறவேண்டும். அம்மருந்து நற்காட்சியின் எட்டு உறுப்புகளிலேயே உள்ளது. அவற்றுள் மூன்று இக்கூடத்திற்கே சொல்லியவை போலப் பொருந்துகின்றன.

முதலாவது நிர்விசிகித்ஸை, பிறர் உடலைக் கண்டு அருவருப்புக் கொள்ளாமை. நோயுற்ற முனிவர் உருவில் வந்த தேவன் உண்ட உணவைக் கக்கியபோது, முகம் சுளிக்காமல் தம் கையாலேயே தூய்மை செய்த உத்தாயன மன்னர் இதற்கு எடுத்துக்காட்டு. உடற்பயிற்சிக் கூடத்தில் பருத்தவர் வருவர். மிக மெலிந்தவர் வருவர். மகப்பேற்றுக்குப் பின் உடல் தளர்ந்த தாய்மார் வருவர். ஐம்பது வயதில் மருத்துவர் சொற்கேட்டு முதன்முதலாக வந்து மூச்சிரைப்பவர் வருவர். அவர்களை ஏற இறங்க நோக்கும் ஒரு பார்வையும், மறைவாகச் சிரிக்கும் ஒரு சிரிப்பும் அவர்களை மறுநாள் வாராமற் செய்துவிடும். கையால் அடிப்பது மட்டும் ஹிம்சை அன்று. அப்பார்வையும் ஹிம்சையே.

இரண்டாவது உபகூஹனம், பிறர் குறையை வெளிப்படுத்தாது மறைத்தல். திருடன் ஒருவன் பிரம்மசாரி வேடத்தில் வந்து மணியைக் கவர்ந்தபோது, அறநெறிக்குப் பழி வாராமற் காத்த ஜினேந்திரபக்தர் என்னும் வணிகர் வரலாறு இதற்குச் சான்று. உடன் பணிபுரிபவர் எடை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, அவர் பாதியில் நிறுத்தியது ஏன் என்பன உணவு இடைவேளையில் பேசத்தக்க செய்திகள் அல்ல.

மூன்றாவது ஸ்திதிகரணம், நெறியினின்று வழுவுவோரை மீண்டும் நிலைநிறுத்துதல். தளர்ந்த நண்பராகிய புஷ்பதாலரைத் துறவில் நிலைநிறுத்திய வாரிஷேண முனிவரை நாம் அறிவோம். நான்கு நாள் வந்து ஐந்தாம் நாள் நின்றுவிட்ட தோழரிடம் சென்று, "நாளை உம்மோடு நானும் மெல்ல நடக்கிறேன்" என்று சொல்வது சிறிய செயல்தான். எனினும் கூடிச் செய்யும் பயிற்சியின் அறம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. தன்னைவிட வலியவனைக் கண்டு பொறாமையும், மெலியவனைக் கண்டு இறுமாப்பும் கொள்வதற்குப் பதிலாக, அவனுக்காகத் தன் நடையைக் குறைத்துக்கொள்பவன் உடலோடு உள்ளத்தையும் பயிற்றுகிறான்.

நிறுவனங்களை நடத்துவோர் நம் சமூகத்திலும் உளர். அவர்கட்கும் ஒரு சொல். பணியிடத்திற் கூடி உடற்பயிற்சி செய்யும் வழக்கம் ஜப்பான் நாட்டில் வேரூன்றியது. அங்கே 1928-இல் அஞ்சல் காப்பீட்டுத் துறையின் முயற்சியால் வானொலி வழி உடற்பயிற்சி தொடங்கிற்று. போருக்குப் பின் நின்று, 1951-இல் புதுவடிவிற் புத்துயிர் பெற்றது. வானொலியில் இசை ஒலிக்க, எல்லோரும் நின்ற இடத்திலேயே ஒரே அசைவைச் செய்வர். நம் நாட்டில் 1983-இல் உற்பத்தி தொடங்கிய மாருதி கார்த் தொழிற்சாலையிலும் ஜப்பானிய முறையைத் தழுவிக் காலையில் பணி தொடங்குமுன் சில நிமிட உடற்பயிற்சி புகுத்தப்பட்டது. மேலாளரும் தொழிலாளரும் ஒரே சீருடை, ஒரே உணவுக்கூடம் என்பதும் அங்கே ஏற்பட்ட வழக்கம். 2021-இல் ஆயுஷ் அமைச்சகம் அலுவலர்க்கென ஐந்து நிமிட யோகப் பயிற்சியை ‘ஒய்-பிரேக்’ என்னும் பெயரில் பரப்பியது. இத்தகைய பயிற்சிகளில் முந்தியவர் பிந்தியவர் இல்லை. அது போற்றத்தக்கது. ஆனால் விரதம் என்பது தானே விரும்பி ஏற்பது. பிறர் வற்புறுத்தி ஏற்றுவது விரதம் ஆகாது. வாராதவர் பெயரைக் குறித்துவைப்பதும், உடற்போட்டியில் பரிசு பெற்றவரைப் பணியிலும் சிறந்தவராகக் கருதுவதும் நேர்மையல்ல. இடம் அமைத்துக் கொடுத்து விலகி நிற்றலே ஏழடிப்பட்டத்துக் கொடையாளர் காட்டிய முறை.

இறுதியாக நம் இளையோர்க்கு நேரும் உண்மையான இடர்ப்பாட்டைப் பேசுவோம். பயிற்சிக் குழு கூடுவது பெரும்பாலும் மாலை ஆறரை மணிக்கு. நம் பக்கத்தில் கார்த்திகை மாதத்தில் 5.45 மணியளவிலேயே கதிரவன் மறைகிறான்; ஆனி மாதத்திலும் 6.40 மணிக்கு மேல் நில்லான். பயிற்சி முடிந்ததும் பசி மிகும். குழுவினர் உண்ணச் செல்வர். இரவுணவு நீக்கம் என்னும் தொன்மையான ஒழுக்கம் இவ்வாறுதான் ஒரு நாள் தளர்கிறது. பின்னர் வழக்கமாகத் தளர்ந்துவிடுகிறது. எவரும் அதனைப் பறிப்பதில்லை. தோழமை என்னும் மென்மையான கயிறே இழுக்கிறது. "முட்டை உண்டால்தான் தசை வளரும்" என்று அன்பினால் சொல்வோரும் உண்டு. ஜெலட்டின் உறைகள் விலங்கின் எலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து ஆவன என்பதையும், மீன் எண்ணெய் எதிலிருந்து ஆவது என்பதையும் அறியாமல் வாங்குவோரும் உண்டு. கொள்ளு, பயறு, கடலை, பால், தயிர் இவற்றால் வேண்டிய வலிமை பெறலாகும். பெட்டியின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தல் ஐயமற்ற கடமை.

தோழமையை விடுவதா, விரதத்தை விடுவதா என்னும் நெருக்கடியில் நம் கருத்து இது. பயிற்சிக்கு மாற்று நேரம் உண்டு. விரதத்திற்கு மாற்று இல்லை. ஆதலின் காலையில் பயிலுக. அல்லது நண்பகல் இடைவேளையில் நடக்க. மாலைதான் வாய்க்குமெனில், கதிர் மறையுமுன் உணவை அளவாக முடித்துக்கொண்டு, வயிற்றுக்கு ஓய்வு தந்து பின்னர் மெல்லப் பயிலுக. இதனால் குழுவில் ஒரு நாற்காலி காலியாகும்; சில வேளை தனிமையும் நேரும். அவ்விழப்பு பொய்யன்று, அதனைச் சிறிதென்று சொல்லி நம் பிள்ளைகளை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. அதனைத் தாங்குவதும் ஒரு வலிமையே. மறுக்கும்போது, "நாங்கள் உயர்ந்தவர்கள்; இதை உண்ணோம்" என்னும் தொனி வேண்டா; அங்கேயும் குலச்செருக்கு நுழையும். "எனக்கு இது வழக்கமில்லை, நீங்கள் உண்ணுங்கள், நான் உடன் அமர்கிறேன்" என்னும் இன்சொல் போதும். உறுதியாகவும் இனிமையாகவும் மறுப்பவனை நல்லோர் வெறுப்பதில்லை.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை உடற்பயிற்சி செய்கிறான் என்று கேட்டவுடன் கடிய வேண்டா. எதற்காகச் செய்கிறாய், யாரோடு செய்கிறாய், அங்கே தளர்ந்தவரை எவ்வாறு நடத்துகிறாய், எப்போது உண்கிறாய் என்று கேளுங்கள். இந்நான்கு வினாவிற்கும் நல்ல விடை கூறுவானாயின், அவன் தோள் வலிமையோடு நற்காட்சியும் வளர்கிறது என்று மகிழுங்கள்.

வளர்க அஹிம்சை! வெல்க ஜினதர்மம்!